"இருக்கட்டும்" என்று எழுதியிருந்தது

செத்துப்போன குத்தாலிங்கம் உச்சி வெயிலில் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீர் கேட்டபோது, அவன் பெண்டாட்டி சண்முகவடிவு முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 'குத்தாலிங்கம் உச்சி வெயிலில் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீர் கேட்டான்' என்று அடித்து முடித்து, அப்போதுதான் அந்த வரிக்கு முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். அதனால் அவள் கூச்சல் போடவில்லை, மயங்கி விழவில்லை, பேயா பிசாசா என்று வேப்பிலை தேடவும் இல்லை. எழுந்து போய்ப் பானையில் மோந்து கொண்டுவந்து நீட்டினாள், அவனும் வாசல்படியில் நின்றபடியே அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். கை பட்டபோது சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

புளியங்குடி எலுமிச்சங்காய்ச் சந்தைக்குப் பின்தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளலாம். குத்தாலிங்கம் சந்தையில் லோடுமேன். காய் மூட்டை ஏற்றிய லாரியோடு கேரளாவுக்குப் போனவன், புளியரை மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து மூட்டைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். வடிவு வீட்டு முன்னறையில் டி.டி.பி. கடை வைத்திருந்தாள், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவள் கைதான், ஊரில் வேறு ஆள் கிடையாது, ஆகவே புருஷனுடைய போஸ்டரையும் அவளே போட்டோ தேர்ந்தெடுத்து, அவளே கறுப்புக் கட்டம் கட்டி, அவளே பிழை பார்த்து அச்சுக்கு அனுப்பினாள். பாவி மகள் எப்படித்தான் செய்தாளோ. அந்த வேலை முடிந்த கையோடு, வாடிக்கைக்காரர் இல்லாத நேரமெல்லாம் அவள் ஒரு நாவல் அடிக்க ஆரம்பித்தாள். அவர்கள் இரண்டு பேரும் வாழ்ந்த வாழ்க்கைதான் நாவல். அடித்துக்கொண்டே வந்தவள் லாரி புறப்படுகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள், அந்த லாரியை இன்னொரு தடவை கவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. அவன் டீக்கடை பெஞ்சில் கண்ணயர்ந்துவிட்டான், லாரி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது, அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான் என்று எழுதினாள். எழுதினாள், வந்தான், அவ்வளவுதான் சங்கதி.

தெரு முதலில் கூடி நின்று பார்த்தது, பிறகு எட்டி நின்று பார்த்தது, பிறகு சோறு பொங்க நேரமாகிறது என்று கலைந்து போனது. கிராம நிர்வாக அலுவலகத்தில், இறப்புச் சான்றிதழ் கொடுத்தது கொடுத்ததுதான், அதை ரத்து செய்யக் கணினியில் இடம் கிடையாது, ஆனால் செத்தவர் டீ குடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லோடுமேன் சங்கத் தலைவர் சேர்மத்துரை அண்ணாச்சி கூட்டம் போட்டு, இறந்த உறுப்பினருக்கு மாலை போட்டாயிற்று, மாலை போட்டவருக்கு மறுபடியும் பேட்ஜ் கொடுக்க விதி இல்லை, ஆனால் அவர் சும்மா வந்து மூட்டைக்குக் கை கொடுப்பதை யாரும் தடுக்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டார். வருஷத் திதி வந்தபோது கொடுப்பதா வேண்டாமா என்று சண்டை. கடைசியில் கொடுத்தார்கள், குத்தாலிங்கமே இலையில் உட்கார்ந்து தன் திதிச் சாப்பாட்டை எள்ளுருண்டை வரைக்கும் சாப்பிட்டான். பக்கத்து வீட்டுப் பூரணம் மதினி ஒரு வெள்ளிக்கிழமை குங்குமச் சிமிழோடு வந்து, யாரையும் கேட்காமல், வடிவு நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். கோயிலுக்குப் போன இடத்தில் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். ஊர் எதற்குத்தான் பழகாது?

ஆனால் பழகப் பழகத்தான் குறை கண்ணில் பட்டது. ஆள் வெறுங்காலோடு நடக்கிறானே என்றார்கள். வடிவு செருப்பை எழுத மறந்திருந்தாள். தினமும் அதே நீலக் கைலிதானா என்றார்கள்; வேறு கைலி எழுதவில்லை. யார் என்ன கேட்டாலும் சிரித்த மாதிரி பார்ப்பானே தவிரப் பதில் சொல்ல மாட்டான், தண்ணீர் கேட்பதோடு சரி. எவ்வளவு போட்டாலும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான், ஏனென்றால் சாப்பிட்டான் என்று எழுதியவள் வயிறு நிறைந்தது என்று எழுதவில்லை. சந்தையில் காய் பொறுக்குகிற பெண்கள் முதற்கொண்டு பஸ் ஸ்டாண்டு பூக்காரி வரை எல்லாரும் அவனைப் பார்த்து அவள் எழுத்துக்கு மார்க் போட்டார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. வெயில் தாழத் தாழ அவன், டோனர் தீர்ந்த ஜெராக்ஸ் மாதிரி, வெளுத்துக்கொண்டு வந்தான். ஒரு நாள் அவன் தோள் வழியாகச் சுவரில் தொங்கிய காலண்டர் தெரிந்தது. எழுதத் தெரியாதவள் எழுதினால் புருஷன் இப்படித்தான் வருவான், இப்படித்தான் போவான் என்று அவள் பூரணத்திடம் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

லோடு சாய்கிறது என்றால் கயிறு கட்டத் தெரிந்தவனைக் கூப்பிடணும், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாமா என்று சேர்மத்துரை அண்ணாச்சிதான் வழி சொன்னார். அவள் முன்பு யாருக்கோ அடித்துக்கொடுத்த புத்தக வெளியீட்டு அழைப்பிதழில் ஞானசிகாமணி என்று ஒரு எடிட்டர் பெயர் இருந்தது. சென்னையில் பதிப்பகங்களுக்காக நாற்பது வருஷமாகப் பிறத்தியார் எழுத்தைப் படித்துத் திருத்திக் கொடுக்கிற மனுஷர், கூட ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டார், வேண்டாத ஒரு சொல்லை விட மாட்டார் என்று கேள்வி. போன் போட்டாள். அனுப்பி வையுங்கம்மா, அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கண் பார்ப்பது நல்லதுதான் என்றார். நாவலை அச்சடித்து, மஞ்சள் துணியில் சுற்றி, முப்பிடாதியம்மன் காலடியில் வைத்து எடுத்து, கூரியரில் விட்டாள். புருஷன் லாரி கவிழ்ந்து செத்ததைச் சொன்னவள், அவன் திரும்பி வந்த சங்கதியை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. படித்தவர், என்ன நினைப்பாரோ என்று கூச்சம்.

முதலில் அவருடைய மதிப்பீடு வந்தது. பிரதியில் உயிர் இருக்கிறது என்று தொடங்கியிருந்தார், அந்த வரியைப் படித்ததும் தெருவே பெருமூச்சு விட்டது. பிறகு குறைகள். இந்த மனிதர் காலில் என்ன போட்டிருக்கிறார்? இவருக்குப் பசி இருக்கிறது, நிறைவு இல்லையே. இவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை, சொல்ல வையுங்கள். வடிவு அன்றைக்கே உட்கார்ந்தாள். ரப்பர் செருப்பு என்று அடித்தாள், வாசலில் சரக் சரக்கென்று செருப்புச் சத்தம் கேட்டது. வயிறு நிறைந்து ஏப்பம் விட்டான் என்று அடித்தாள், அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். பதில் சொன்னான் என்று அடித்த மத்தியானம், அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் இப்படி இளைத்துப்போயிருக்கிறாய் என்று அவன் கேட்டான், அவள் கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இந்த ஒரு கேள்விக்காகவே தான் பிறந்த மாதிரி, வெகுநேரம் அழுதாள். அவன் வெளுப்பதும் குறைந்தது. ஊர் ஞானசிகாமணியைக் கொண்டாடியது. சந்தையிலிருந்து ஒரு மூட்டை நயம் எலுமிச்சங்காய் அவருக்குப் போயிற்று, பேசாத பிள்ளையை அவரிடம் காட்டலாமா என்று ஒருத்தி வந்து கேட்டாள், தன் மருமகளை அவர் கொஞ்சம் திருத்திக் கொடுப்பாரா என்று இன்னொருத்தி கேட்டாள்.

அதற்குப் பிறகு, அவர் வரிவரியாகத் திருத்திய பிரதி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஒற்றெழுத்துப் பிழை, சந்திப் பிழை, இரண்டு தரம் வந்த சொல், எல்லாவற்றையும் ஒரு தாய் ஈர் பார்க்கிற மாதிரி பார்த்திருந்தார். வடிவு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தாள், திருத்தத் திருத்தக் குத்தாலிங்கத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிற அத்தியாயத்தைத் திருப்பினாள். அத்தியாயம் முழுக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, குறுக்கே சிவப்பாக ஒரு கோடு அடித்திருந்தது. வரிகளுக்கு அடியில் புள்ளி புள்ளியாக ஏதோ வைத்திருந்தது. ஓரத்தில் அவருடைய அழகான கையெழுத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது.

நம்மூரில் இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? இன்னொரு இட்லி வைக்கப் போகும்போது விருந்தாளி இருக்கட்டும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, இருக்கட்டும், சொல்லி அனுப்புகிறோம் என்றால் அந்தச் சம்பந்தம் முடிந்தது. அதுவும் அடித்துப்போட்டுவிட்டு இருக்கட்டும் என்றால், அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும் என்றுதானே ஆகும். வடிவும் அப்படித்தான் படித்தாள். அவள் உள்ளுக்குள் இதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செத்தவனைச் சாகாமல் திரும்பி வந்தான் என்று எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்களா, இந்தப் பொய்யை யாராவது ஒரு நாள் அடிக்காமல் விடுவார்களா என்ற பயம், அவனுக்குத் தண்ணீர் கொடுத்த அன்றிலிருந்தே அவளிடம் இருந்தது.

தெரு அவள் வீட்டு முன்னால் கூடிப் பேசியது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தில் கசப்பு மாத்திரையை மட்டும் தள்ளி வைத்தால் நோய் போகுமா என்றாள் பூரணம். சேர்மத்துரை அண்ணாச்சி இன்னும் ஒரு படி மேலே போனார். நிறுத்திய லாரி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கிறோம், கல்லை எடுத்தால்தானே வண்டி நகரும், குத்தாலிங்கம் வந்து சேர்ந்தாயிற்று, இனி அந்த அத்தியாயம் கல்லு, அதை எடுத்தால்தான் ஆள் தன் பாட்டுக்கு நடமாடுவான், செருப்பைச் சொன்னவர் சொன்னது பலித்ததா இல்லையா, இதுவும் பலிக்கும் என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. போன் போட்டாள்.

"ஐயா, அவுக தண்ணி கேக்குற அத்தியாயத்துல இருக்கட்டும்னு போட்டிருக்கீங்களே."

"ஆமாம்மா, போட்டிருக்கேன்."

"நல்லா யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"முதல் தடவை படிக்கும்போது வேற மாதிரிதான் நினைச்சேன். திரும்பப் படிச்சதும் மனசை மாத்திக்கிட்டேன். படிக்க எனக்கே கஷ்டமா இருந்துச்சும்மா, பொய் சொல்லல. ஆனா சரியான முடிவு அதுதான். இருக்கட்டும்."

சரிங்கய்யா என்றாள். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், ஒரே ஒரு கேள்வி, ஆனால் பெரியவர்கள் ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்ன பிறகு மூன்றாம் தரம் கேட்பது நம்மிடம் வழக்கம் இல்லையே. உள்ளே குத்தாலிங்கம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள், எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"நீ எழுதினது, வடிவு. எனக்கு என்ன தெரியும்?" என்றான் அவன். "படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். வெயில் கொல்லுது, குளிச்சிட்டு வந்துருதேன்."

பின்கட்டில் அவன் தொட்டியிலிருந்து மோந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது. வடிவு அத்தியாயத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை தேர்ந்தெடுத்தாள், திரையில் எல்லா வரியும் நீலமாயிற்று, விரலை வைத்து அழுத்தினாள், சேமித்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. சோப்புப் போடுகிறான் என்று கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கூப்பிட்டாள். பிறகு போய்ப் பார்த்தாள். தரையில் நுரை இருந்தது, குவளை தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது, கொடியில் நீலக் கைலி இல்லை, செருப்பும் இல்லை, அவள் எழுதியது எதுவுமே இல்லை.

தெரு இரண்டு மூன்று நாள் தேடியது; சந்தையில், டீக்கடையில், புளியரைக்குப் போகிற லாரிகளில் எல்லாம் விசாரித்தார்கள். பிறகு வந்ததற்குப் பழகின மாதிரியே போனதற்கும் பழகிப்போனார்கள், இதற்கு இன்னும் குறைந்த நேரமே ஆயிற்று. என்ன இருந்தாலும் செத்தவர்தானே என்று ஒருவர் சொல்ல, அது எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது. வடிவு நெற்றிப் பொட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் திருத்தி முடித்த நாவலைச் சென்னைக்கு அனுப்பி வைத்தாள், அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞானசிகாமணி போன் செய்தார். அந்த அத்தியாயம் எங்கேம்மா என்று கேட்டார். நீங்கள்தானே அடித்தீர்கள் என்றாள். அடித்தேன், பிறகு அடியில் புள்ளி வைத்தேனே, இருக்கட்டும் என்று எழுதினேனே என்றார். இருக்கட்டும் என்று எழுதியதால்தானே எடுத்தேன் என்றாள். அப்புறம் அவர், குரல் இறங்கிப்போய், தங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு என்று சொன்னார்: ஒரு வரியை அடித்த பிறகு மனசு மாறினால், அடித்ததை அழிக்க முடியாதே, அதனால் வரிக்கு அடியில் புள்ளிகள் வைத்து ஓரத்தில் இருக்கட்டும் என்று எழுதுவார்கள், அடித்ததைக் கண்டுகொள்ளாதே, வரி உள்ளபடி இருக்கட்டும் என்று அர்த்தம். நிஜத்தில் செத்த மனிதன் நாவலில் எப்படித் திரும்பி வருவான் என்று முதலில் தான் அடித்ததாகவும், திரும்பப் படித்தபோது அழுதுவிட்டதாகவும், நாவல் முழுக்க ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாத இடம் அது ஒன்றுதான் என்றும் சொன்னார். மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம்மா, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். அப்போதும் வடிவு அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த மனுஷர் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

சிவப்புக் கோடு கிழித்த தாள்களை எதிரில் வைத்துக்கொண்டு அவள் அந்த அத்தியாயத்தை எழுத்துப் பிசகாமல் திரும்ப அடித்தாள். செம்பில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தாள். வாசலில் வெயில் மட்டும் இருந்தது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள், உச்சி வெயிலுக்குக் காத்திருந்து அடித்தாள், அழுதுகொண்டு அடித்தாள், அழாமல் அடித்தாள், அம்மனுக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டு அடித்தாள். முன்பு இந்த அத்தியாயத்தை அவள், நடக்கும் என்று தெரியாமல் எழுதினாள். இப்போது அடிப்பது வெறும் பிரதி எடுக்கிற வேலை, கல்யாணப் பத்திரிகை மாதிரி. என் கையாலேயே ரெண்டாந்தரமும் அனுப்பி வச்சிட்டேனே என்று அவள் வாசல்படியில் உட்கார்ந்து புலம்பினாள், சேர்மத்துரை அண்ணாச்சி அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார்.

ஞானசிகாமணி விடவில்லை. அத்தியாயத்தை அதற்குரிய இடத்தில் சேர்த்து, பதிப்பாளரிடம் தாமே பேசி, புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார். பின் அட்டையில் வடிவின் போட்டோவும் போன் நம்பரும் இருந்தன. புத்தகம் கட்டாக வந்தபோது அவள் கட்டைப் பிரிக்கவில்லை.

முதல் போன் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தது. ஒரு பெண், சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளாம், மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், புருஷன் திரும்பி வருகிற அந்த வரி முடிந்ததும் ஒருத்தர் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், நீலக் கைலி கட்டியிருந்தார் என்றாள். அவள் குரலில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். பிறகு ஆம்பூரிலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார். பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நர்ஸ். பிறகு தினமும் போன். எந்த வீட்டில் யார் அந்த வரியைப் படித்தாலும் அந்த வீட்டுக்கு அவன் போனான். வெளுப்பே இல்லாமல், நல்ல நிறமாக, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இருந்தான் என்றார்கள். குடிச்சாரா என்று வடிவு எல்லாரிடமும் கேட்பாள். குடிச்சாரு என்பார்கள். கடைசியில் அவளும் கட்டைப் பிரித்து, ஒரு புத்தகத்தை எடுத்து, வாசலைப் பார்க்க உட்கார்ந்து, யாரோ எழுதியது மாதிரி நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தாள். எழுதினவளுக்கு அடுத்த வரி முன்கூட்டியே தெரிந்தது. யாரும் வரவில்லை.

அந்தக் கள்ளக்குறிச்சிப் பெண்ணே மறுபடி ஒரு நாள் கூப்பிட்டாள். அன்றைக்கு இரண்டாம் முறையாகப் படித்தாளாம். இந்தத் தடவை அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்வது என்று கேட்டாள். வடிவு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவுகள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, தாயி. வடிவு காத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க. பஸ் ஏத்தி விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. ஆண் குரல், வடிவுக்குத் தெரிந்த குரல். பிறகு அவள் திரும்பி வந்தாள்.

"சொன்னேங்கம்மா," என்றாள். "'வீட்டுக்குத்தானே வந்திருக்கேன், வடிவு'ன்னு என்னைப் பார்த்துச் சொல்றாருங்க."